போத்தலுக்குள் ஒரு ஊர்ப்பெயர்

மூன்று நாளாக ஒரே மரவட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். முழு மரவட்டை மறுபடி போத்தலுக்குள் போய்விட்டது. என் முன்னால் இருப்பது அதன் ஏழாவது வளையத்திலிருந்து கழற்றி எடுத்த ஒரு சோடிக் கால்கள். கடுகு அளவுகூட வராது. கால் என்று சொன்னாலும் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கால் மாதிரியே இருக்காது. அடியில் உருண்டு, நடுவில் முடி அடர்ந்து, நுனியில் கொக்கி போல வளைந்து நிற்கும். இந்தப் பிராணிக்கு ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா, இல்லை இனிமேல்தான் வைக்க வேண்டுமா என்பதை அந்தக் கொக்கிதான் சொல்ல வேண்டும்.

பிடித்தது எங்கள் ஊரில். இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், தேயிலை முடிகிற இடத்துக்கு அப்பால்.

லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வளர்கிறவர்களுக்கு, மரவட்டை புதிதில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் இஸ்தோப்பு வரைக்கும் வந்துவிடும். நாங்கள் ரயில் பூச்சி என்போம். குச்சியால் தொட்டால் வெற்றிலைச் சுருள் மாதிரிச் சுருண்டுகொள்ளும். கையில் எடுத்தால் விரலில் மஞ்சள் கறை பிடித்து, பிறகு பழுப்பாகி, இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. அது பென்சோகுயினோன் என்ற இரசாயனம் என்று கம்பஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: வீட்டைச் சுற்றி நாம் அதிகம் பார்க்கிற அந்தச் செம்பழுப்பு மரவட்டை, ட்ரைகோனியூலஸ் கொரல்லினஸ், இந்தத் தீவுக்கே உரியது இல்லை. தென்கிழக்காசியாவிலிருந்து செடியோடும் மண்ணோடும் உலகம் முழுக்கப் பரவியது. சின்ன வயதில் நான் ரயில் ஓட்டி விளையாடியது ஒரு விருந்தாளியை வைத்து. நம் சொந்த மரவட்டைகள் வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை, காட்டிலேயே இருந்துவிடுகின்றன. இலங்கையில் இதுவரை பெயரிடப்பட்டவை 100 இனத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது.

ஆயிரங்கால் என்று பெயர் வைத்தாலும் மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்தான் என்பார்கள். ஆங்கிலத்தில் மில்லிப்பீட், ஆயிரங்கால், என்று பெயர் வாங்கிய மரவட்டை விஷயத்திலும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. கலிபோர்னியாவில் ஒன்று 750 கால்களோடு முதலிடத்தில் இருந்தது. 2021ல்தான் மேற்கு ஆஸ்திரேலியாவில், கனிமம் தேடித் தோண்டிய குழாய்க்குள் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்கு 1,306 கால் எண்ணினார்கள். யூமில்லிப்பெஸ் பெர்செஃபோனி என்று பெயர். கண் கிடையாது, நிறம் கிடையாது, நூல் போல இருக்கும். என் மேசையில் இருப்பதற்கு அவ்வளவு கால் இல்லை. 20 வளையம், 30 சோடிக் கால், அதற்கு மேல் அந்தக் கொக்கிச் சோடி, அவ்வளவுதான். இதற்கும் கண் இல்லை. பொலிடெஸ்மிடா என்ற இதன் வரிசை முழுவதுமே குருடு.

பிடித்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நவம்பர் மாதம், முதல் நாள் இரவு முழுக்க மழை. அனுமதிக் கடிதங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டு, மாமாவோடு விடியவே கிளம்பினேன். மாமா அம்மாவின் தம்பி, தோட்டத்தில் காவல் வேலை. அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரைக்கும் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டோம். போன வருஷம் கவ்வாத்து வெட்டிய மலையைக் கடந்து, எட்டாம் நம்பர் மலையின் உச்சிக்கு ஏறினால் முதலில் டர்பன்டைன் மரங்கள். யூக்கலிப்டஸைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அந்த மரங்களுக்கடியில் ஒரு மணி நேரம் சருகைக் கிளறினேன். ஒன்றுமே இல்லை. காய்ந்த இலை காய்ந்தபடியே அடுக்கடுக்காகக் கிடந்தது, அதைத் தின்ன ஆளில்லை. அதற்கு மேலே ஒரு ஓடை. ஓடையின் இரண்டு பக்கமும் காடு.

அங்கே கால் வைத்ததும் தரை மாறியது. செருப்புக்கடியில் மெத்தை மாதிரி அமுங்கியது. பாசி பிடித்த மரங்கள், பன்னங்கள், நெலுப் புதர். நிழலில் மெலிந்து நீண்டு வளர்ந்த ஒரு கோப்பிச் செடிகூடப் பார்த்தேன். ஏதோ பறவை போட்ட விதை என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். முதலில் கிடைத்தது உருண்டை மரவட்டை, ஆர்த்ரோஸ்ஃபீரா பேரினம். தொட்டதும் தலையும் வாலும் பொருந்திப் போளைக்காய் ஆகிவிடும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடுகூடத் தெரியாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் இந்தப் பேரினத்தின் வீடு. நச்சுச் சுரப்பி இல்லாததால் உருள்வது ஒன்றுதான் அதற்குக் காப்பு. மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் இருக்கும், ஒரு சின்ன இடுக்கு திறந்து உணர்கொம்பு இரண்டும் வெளியே வந்தன. "பயம் தெளிஞ்சிருச்சு" என்றார், மெதுவாக.

அப்புறம் ஓடையோரம் விழுந்து உக்கிப்போன ஒரு மரம். மரப்பட்டையைத் தூக்கியதும் வாசனைதான் முதலில் வந்தது. கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊற்றுகிற அமண்ட் எசன்ஸ் வாசனை. பொலிடெஸ்மிடா மரவட்டைகள் மிரண்டால் பென்சால்டிஹைட்டையும் அதோடு ஹைட்ரஜன் சயனைட்டையும் விடும். பென்சால்டிஹைட்தான் அந்தக் கேக் வாசனை. சயனைட் என்றதும் பயப்பட வேண்டாம், எறும்புக்கும் வண்டுக்கும் காணும், நமக்குக் காணாது. பட்டைக்கடியில் ஏழு இருந்தன. மூன்று சென்டிமீட்டர் நீளம், கறுப்புக்குக் கிட்டிய பழுப்பு நிறம், ஒவ்வொரு வளையத்தின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் பொட்டு. மேலிருந்து பார்த்தால் இருட்டில் போகிற கோச்சியின் யன்னல் வெளிச்சம் மாதிரி.

ஏழில் எது ஆண்? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெண்ணை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தில் இனம் சொல்வது அநேகமாக நடக்காது. மல்லாத்திப் பிடித்துக் கைலென்ஸால் எண்ண வேண்டும். முதல் வளையத்துக்குக் கால் இல்லை. இரண்டு, மூன்று, நான்காவது வளையங்களுக்கு ஒவ்வொரு சோடி. ஐந்தாவதிலிருந்து வளையத்துக்கு இரண்டு சோடி. ஏழாவதுக்கு வந்ததும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் அங்கேயும் இரண்டு சோடி. ஆணாக இருந்தால் முன் சோடி இருக்க வேண்டிய இடத்தில் கால் இருக்காது, ஒரு சின்னக் குழியும் அதற்குள் மடங்கிப் படுத்திருக்கும் கொக்கியும் தெரியும். இனச்சேர்க்கைக்கென்றே உருமாறிய கால் அது. இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும், வீட்டுக்கு வீடு திறப்பு வேறாக இருப்பது போல. நிறம் மாறலாம், அளவு மாறலாம், மதுசாரத்தில் ஒரு வருஷம் கிடந்தால் மஞ்சள் பொட்டு வெளுத்தே போய்விடும். கொக்கி மாறாது.

இரண்டு ஆண். எனக்குக் கை நடுங்கியது. இரண்டு ஆணையும் ஒரு பெண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் நாலையும் இருந்த இடத்திலேயே விட்டுப் பட்டையை மூடி வைத்தோம்.

அங்கேயே, மழைக் கோட்டுக்கடியில் குந்தியிருந்து, துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் போட்டேன்: திகதி, உயரம், ஜிபிஎஸ் எண், எந்த மரத்தடி. இந்தப் பென்சில் பழக்கம் எனக்குச் சும்மா வரவில்லை. முதல் தடவை சேகரிக்கப் போனபோது பேனையால் எழுதினேன். பதினொரு போத்தல். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் மதுசாரம் நீலமாகிக் கடதாசி வெள்ளையாக இருந்தது. எது எந்த மலை என்று எனக்கே தெரியவில்லை. உயிரோடு பிடித்து, நானே கொன்று, பிறகு எந்த ஊர் என்று சொல்ல முடியாமல் ஆக்கிவிட்டேன். ஊர் தெரியாத மாதிரி வகைப்பாட்டில் எதற்கும் உதவாது. அந்தப் போத்தல்களை இன்னும் எறியவில்லை, அலுமாரியின் மேல் தட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

சரி, புதியதா பழையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட மரவட்டை சுமார் 12,000. அவ்வளவோடும் ஒப்பிட வேண்டியதில்லை, குடும்பமும் பேரினமும் பிடிபட்டால் வட்டம் சுருங்கிவிடும். ஆனால் அந்த வட்டத்துக்குள் இருப்பதை ஒன்று விடாமல் பார்க்க வேண்டும், அது எவ்வளவு பழைய ஆய்வுத் தாளில் இருந்தாலும். இலங்கை மரவட்டைகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் சுவிட்சர்லாந்துக்காரர் அலோயிஸ் ஹம்பர்ட், 1865ல், பிரெஞ்சில். 1932ல் கார்ல் என்ற விலங்கியலாளர் எழுதியது ஜெர்மன் மொழியில். நடுவில் 1892ல் லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை செய்த ரெஜினால்ட் போக்கொக் எழுதியது ஒன்று உண்டு. அதன் தலைப்பே இரண்டு பேர் அனுப்பிய சேகரிப்புகளைப் பற்றியது. தென்னிந்தியாவிலிருந்து அனுப்பியவர் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி போட்டாரே, அதே சென்னை அருங்காட்சியக தர்ஸ்டன். இலங்கையிலிருந்து அனுப்பியவர் ஈ. ஈ. கிறீன்.

கிறீன் பின்னாளில் இலங்கை அரசின் பூச்சியியலாளர் ஆனார், செதில் பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதற்கெல்லாம் முன்னால் அவர் தேயிலைத் துரை. எந்த ஊரில்? பூண்டுலோயாவில்.

நூலகத்தில் அந்தத் தாளின் பிரதியைத் திறந்து எங்கள் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். செய்தியில் எங்கள் ஊர் வந்தால் மண்சரிவாக இருக்கும், இல்லாவிட்டால் சம்பளப் பிரச்சினையாக இருக்கும். 1892லேயே லண்டனில் ஒருவர் எங்கள் ஊர் மரவட்டையை மேசையில் வைத்துக் கால் எண்ணியிருக்கிறார். அப்புறம் ஒரு யோசனை வந்தது, இன்னும் போகவில்லை. அந்த மரவட்டைகள் எல்லாவற்றையும் துரை ஒருவரே குனிந்து பொறுக்கியிருப்பாரா? காட்டை வெட்டியதும், கான் வெட்டியதும், கல்லைப் புரட்டியதும் எங்கள் பாட்டன் பூட்டன்மார். ஒரு பூச்சி கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு போய்ப் பங்களாவில் கொடுத்திருக்க மாட்டார்களா? தாளில் அப்படி ஒரு பெயரும் இல்லை. நான் எழுதப்போகிற தாளில் மாமாவின் பெயர் சேகரித்தவர் என்ற இடத்தில் இருக்கும். அதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை.

போக்கொக்கின் விவரணைகளில் சில நாலைந்து வரிதான். நிறம், நீளம், ஓரத்தின் வடிவம். அதை வைத்துக்கொண்டு என் கொக்கியை எதோடு ஒப்பிடுவது? அதற்கு லண்டனில் இருக்கும் மூல மாதிரியையே பார்க்க வேண்டும். படம் கேட்டு எழுதியிருக்கிறேன். கார்ல் வரைந்த படங்களோடு ஒப்பிட்டு முடித்துவிட்டேன். என்னுடையதில் நுனி இரண்டாகப் பிளக்கிறது, குட்டையான கிளையின் உள்பக்கத்தில் அரிவாள் பல் மாதிரி ஐந்து பல் இருக்கிறது. கார்லின் படம் எதிலும் அந்தப் பல் இல்லை. ஐந்தையும் இரண்டு ஆணிலும் எண்ணினேன், நேற்று மறுபடி எண்ணினேன். லண்டன் படம் வரும் வரைக்கும் புதிய இனம் என்ற சொல்லை எழுதமாட்டேன்.

ஏன் மலைக்காட்டிலேயே போய்த் தேட வேண்டும் என்று தோழி ஒருத்தி கேட்டாள். மரவட்டை பறக்காது, நீந்தாது, வெயில் தாங்காது. ஈரக் காட்டிலிருந்து இன்னொரு ஈரக் காட்டுக்குப் போக நடுவில் ஒரு வெப்பமான பள்ளத்தாக்கு இருந்தால் போதும், அதோடு நின்றுவிடும். அப்படி இலட்சக்கணக்கான வருஷம் நின்றால் ஒவ்வொரு மலைக்கும் அதனதன் இனம். கிழக்கு ஆபிரிக்காவில் தன்சானியாவின் உட்சுங்வா மலைகளில் டென்மார்க்கின் ஹென்ரிக் எங்ஹொஃப் பல வருஷமாக இதைத்தான் காட்டிவருகிறார், ஒரே மலைத்தொடரிலிருந்து டசின் கணக்கில் புதிய இனங்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளிலும் அப்படித்தான். 2022ல் அங்கே ஒரே தாளில் 17 புதிய இனங்களை எழுதினார்கள், அதில் ஒன்றுக்குப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பெயர். நக்கிள்ஸிலும் சிவனொளிபாத மலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஆண் மரவட்டையாகப் பார்த்து எடுத்து, பொறுமையாகக் கொக்கியை வரைய ஆளிருந்தால், நமக்கும் அப்படி ஒரு கட்டுத் தாள் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் மலைகளில் மனிதன் போட்ட கோடும் உண்டு. கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1873ல், கியூ தாவரத் தோட்டத்தின் ஹூக்கர் சொன்ன யோசனையை ஏற்று 5,000 அடிக்கு மேலே காடழிப்பதை அரசு தடுத்தது. உச்சிகளில் இன்றைக்குக் காடு மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதை வாசித்தபோதுதான் எனக்கு ஒன்று இடித்தது. அந்த உக்கிய மரத்தடியில் ஜிபிஎஸ் காட்டியது 1,450 மீட்டர். அடியில் 4,750 சொச்சம். கோட்டுக்குக் கீழே. சுற்றிலும் தேயிலை வந்துவிட்ட உயரம். அங்கே எப்படிக் காடு இருக்கிறது?

நேற்று இரவு அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அம்மா அந்த மலைகளில் 34 வருஷம் கொழுந்தெடுத்தவர். கேட்கப் போனது வேறு. விவரணையில் இடத்தின் பெயர் எழுத வேண்டும், வரைபடத்தில் அந்தக் காட்டுக்குப் பெயரில்லை.

"அம்மா, எட்டாம் நம்பருக்கு மேல இருக்கிற காட்டுக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?"

"முனியாண்டிக் காடு. ஏம் புள்ள?"

"பூச்சி பிடிச்ச எடம் எழுதணும்."

"நீ புடிச்சது ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த மாமாவிடம் அம்மா கேட்டார். அந்தப் பக்கம்தான் என்றார் மாமா, விழுந்து கிடந்த மரம் ஓடை தாண்டித்தான் என்று.

"அப்ப அது முனியாண்டிக் காடு இல்ல. அது பழைய கோப்பிக்காடு. எங்க அப்பாயி சொல்லும், வெள்ளக்காரன் கோப்பி போட்டு, சீக்கு வந்து, விட்டுட்டுப் போனதாம். தேயில போடவே இல்ல. தானா மரம் வந்து காடாயிருச்சு. இன்னும் அங்கங்க கோப்பி மொளைக்கும், நீ பாக்கலயா?"

பார்த்தேன். பறவை போட்ட விதை என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

1869ல் வந்த இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியை ஏறக்குறைய அழித்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அப்படிக் கைவிட்ட நிலம் ஒன்று எட்டாம் நம்பர் மலைக்கு மேலே நூறு வருஷத்துக்கு மேலாகத் தானாகக் காடாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அப்படியானால் இந்த மரவட்டைகள் அங்கே எப்போதும் இருந்தவையா, இல்லை முனியாண்டிக் காட்டிலிருந்து ஓடை தாண்டி வந்தவையா? நான் இன்னும் முனியாண்டிக் காட்டில் ஒரு மரக்கட்டையைக்கூடப் புரட்டவில்லை. தையில் பொங்கலுக்குப் போகும்போது மாமாவோடு மேலே ஏற வேண்டும்.

ஃபோனை வைத்துவிட்டுப் போத்தலைத் திறந்து, இடுக்கியால் கடதாசியை வெளியே எடுத்துக் காயவைத்தேன். காட்டில் அவசரத்தில் இடத்தின் பெயரென்று பூண்டுலோயா என்று மட்டும் எழுதியிருந்தேன். பென்சிலைச் சீவி, அதற்குக் கீழே எழுதினேன்: எட்டாம் நம்பர் மலைக்கு மேல், ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய கோப்பிக்காடு.